கூடிப் பேசும் கலை: சத்திரசிகிச்சையாளர் குறித்துச் சில சிந்தனைகள்

ஒவ்வொரு தொழிலுக்கும் அதன் குறைகளை வெளிக்காட்டும் இயல்பான வழி ஒன்று உண்டு. தச்சன் இழைத்த கதவு வாசலில் நின்று மழையையும் வெயிலையும் வாங்குகிறது. பொருத்துப் பிசகியிருந்தால் ஒரு மாரிக்குள் அது ஊரறிந்த செய்தியாகிவிடும். கமக்காரன் விட்ட பிழை வயலிலே மஞ்சளாய்த் தெரியும். ஆசிரியனுடைய குறை மாணவரின் விடைத்தாளில் வந்து நிற்கும். சத்திரசிகிச்சை நிபுணரின் வேலையோ தோலுக்கடியில் மறைந்து, தையலால் மூடப்பட்டு, சில நாட்களில் பேருந்தேறி வீட்டுக்குப் போய்விடுகிறது. அது நன்கு அமைந்ததா இல்லையா என்பதை அவர் தேடிச் சென்று அறிந்தாலன்றித் தானாக அறிய வழியில்லை. நலமாயிருப்பவர் பெரும்பாலும் திரும்பி வருவதில்லை. நலமிழந்தவரோ சிலவேளை வேறொரு வைத்தியசாலையை நாடிவிடுகிறார்.

இதிலிருந்து ஒரு முடிவு பெறப்படுகிறது. சத்திரசிகிச்சை நிபுணரின் கல்வி பட்டத்தோடும் பட்டப்பின் பரீட்சைகளோடும் நிறைவெய்துவதில்லை. அதன் பிற்பகுதி முழுவதும், ஏறத்தாழ முப்பது ஆண்டுகள், சக தொழிலோருடன் கூடிப் பேசுவதிலேயே நடைபெறுகிறது. அப்பேச்சின் தரத்தைப் பொறுத்தே நோயாளரின் நலமும் அமைகிறது. மருத்துவம் பயிலாத வாசகர்களும் இதிற் கருத்துச் செலுத்த நியாயம் உண்டு. நம்மில் எவரும் ஒருநாள் அந்த மேசையிற் படுக்க நேரலாம்.

இவ்வுண்மையை விடாப்பிடியாக வற்புறுத்தியவர்களுள் அமெரிக்காவின் பொஸ்ரன் நகரைச் சேர்ந்த ஏர்ணஸ்ற் அமோறி கொட்மன் தலையாயவர். சிகிச்சை பெற்ற ஒவ்வொருவரையும் நீண்ட காலம் பின்தொடர்ந்து, பலன் கிட்டியதா, கிட்டவில்லையெனின் அதற்குக் காரணம் யாது என்பதைக் குறித்துவைத்தல் வேண்டும் என்பது அவர் கொள்கை. ‘இறுதி விளைவு’ என்று அவர் அதற்குப் பெயரிட்டார். இன்று மிகச் சாதாரணமாகத் தோன்றும் இக்கருத்து அக்காலத்திற் பெரும் பகையைத் தேடித் தந்தது. மசாசுசெற்ஸ் பொது வைத்தியசாலையிற் பணியாற்றிய அவர், பதவி உயர்வு மூப்பைக் கொண்டன்றி விளைவுகளைக் கொண்டு வழங்கப்படல் வேண்டும் எனக் கேட்டு, 1914இல் அங்கிருந்து விலகினார். 1915இல் நகர வைத்தியர்கள் கூடிய அவையொன்றில், மணலுள் தலையைப் புதைத்துக்கொண்டு பொன்முட்டைகளை உதைத்துத் தள்ளும் தீக்கோழியின் கேலிச்சித்திரத்தைத் திரைநீக்கிக் காட்டினார். உண்மையைக் காண மறுத்துப் பொருளீட்டும் தம் தொழிலோரையே அது குறித்தது. அன்றோடு நண்பர் பலரை அவர் இழந்தார்.

ஆயினும் பிறரை மட்டும் விரல் நீட்டிக் காட்டியவராக அவரைக் கொள்ளுதல் தகாது. 1911இல் தாம் தொடங்கிய சிறிய வைத்தியசாலையில் 1916 வரை சிகிச்சை பெற்றுச் சென்ற 337 நோயாளரின் விவரங்களை அவர் அச்சிட்டு வெளியிட்டார். அவற்றுள் 123 பிழைகளைத் தாமே இனங்கண்டு வகைப்படுத்தியிருந்தார். தம் வருவாய்க்கு ஊறு நேருமென அறிந்தும் தம் பிழைகளுக்குத் தாமே பட்டியல் எழுதியவர் அவர். 1940இல் அவர் காலமானபோது கல்லறையில் ஒரு நடுகல்லும் இருக்கவில்லை. 2014இலேயே அது நாட்டப்பட்டது. இன்று உலகின் போதனா வைத்தியசாலைகளில் நடைபெறும் இறப்பு, சிக்கல் ஆய்வுக் கூட்டங்கள் அவரது சிந்தனைக்குப் பெரிதும் கடமைப்பட்டவை.

கொட்மன் வேண்டியது விளைவுகளை அறிதல். அவ்வாறு அறிவதற்குப் பிறருடைய துணை ஏன் வேண்டும், நேர்மையுள்ள ஒருவர் தம் பிழையைத் தாமே கண்டு திருந்தலாகாதா என்ற வினா எழலாம். இவ்வினாவுக்கு விடை பித்தப்பைச் சத்திரசிகிச்சையின் அண்மைக்கால வரலாற்றில் உண்டு.

ஒரு நூற்றாண்டுக் காலமாகப் பித்தப்பையை அகற்றுவதற்கு வயிற்றை அகலக் கீறுவதே வழக்கம். 1985ஆம் ஆண்டு செப்ரெம்பர் 12ஆம் நாள், ஜேர்மனியின் பொய்ப்ளிங்கன் என்னும் ஊரில் எறிக் மூஹே என்பவர், சிறு துளைவழியே குழாய்க்கருவியைச் செலுத்தி அதனை அகற்றினார். அடுத்த ஆண்டு ஜேர்மன் சத்திரசிகிச்சைச் சங்கத்தில் அவர் இதனை எடுத்துரைத்தபோது அவை அதை ஏற்கவில்லை. 1987இல் பிரான்சின் லியோன் நகரில் பிலிப் மூறே இம்முறையைக் கையாண்ட பின்னர், சில ஆண்டுகளுள் அது உலகெங்கும் பரவியது. மூஹேயைப் புறக்கணித்த அதே சங்கம் 1992இல் அவருக்கு விருது வழங்கிச் சிறப்பித்தது. புதியதைச் செவிமடுக்க மறுக்கும் அவை எத்தகைய இழப்பை உண்டாக்கும் என்பதற்கு இஃது ஓர் எடுத்துக்காட்டு.

புதியதை ஆய்ந்து பாராது அள்ளிக்கொள்வதும் இழப்பையே தரும். பதினைந்து, இருபது ஆண்டுகள் அனுபவமுள்ள நிபுணர்கள், திரையிற் படத்தைப் பார்த்துக்கொண்டு நீண்ட கருவிகளால் வேலைசெய்யும் இம்முறையைக் குறுகிய காலப் பயிற்சிகளிற் கற்றுக்கொண்டு தத்தம் ஊர்களுக்குத் திரும்பினர். முன்னர் ஆயிரம் பேருக்கு ஒருவர் இருவர் என்றிருந்த பித்தநாளக் காயம், ஆயிரத்துக்கு நான்கைந்து என்னும் அளவுக்கு உயர்ந்தது. பித்தநாளம் அறுபடுதல் சிறு தீங்கன்று. வயிற்றுள் பித்தம் கசியும், கண் மஞ்சளாகும், குடலின் ஒரு பகுதியை ஈரலின் நாளத்தோடு இணைக்கும் பெரிய சத்திரசிகிச்சை வேண்டிவரும்.

இக்காயங்கள் எவ்வாறு நேர்கின்றன என்பதை லோறன்ஸ் வே என்பவரும் அவர்தம் குழுவினரும் ஆராய்ந்து 2003இல் வெளியிட்டனர். 252 காயங்களை அவர்கள் நுணுகி நோக்கினர். அவற்றுள் 97 வீதமானவற்றின் மூலகாரணம் காட்சிமயக்கம் என்பது அவர்கள் முடிவு. கைத்திறனின் குறையால் நேர்ந்தவை 3 வீதமே. சத்திர வைத்தியர் பிரதான நாளத்தைக் கண்டு அதனைப் பித்தப்பையின் நாளமென்றே உறுதியாக நம்புகிறார். நம்பிய பொருளைத் திறமையாக வெட்டுகிறார். பழுதையைப் பாம்பெனக் கண்டவனுக்கு அக்கணத்தில் அது பாம்புதான். அவன் கண்ணே அவனுக்குச் சாட்சி சொல்லிக்கொண்டிருக்கையில், அச்சாட்சி பொய்யென்பதை அவன் எங்ஙனம் அறிவான்?

கூடிப் பேசுதலின் அவசியம் இங்கேதான் தெளிவாகிறது. அறியாமையை நூல்களாற் போக்கலாம். கைத்தளர்ச்சியைப் பயிற்சியால் நீக்கலாம். காட்சிமயக்கத்தை நீக்குவதற்கு இன்னொருவருடைய கண் வேண்டும், அல்லது பலருடைய கண்கள் கூடி ஆக்கிய ஒரு விதி வேண்டும். ஸ்ரீவன் ஸ்ற்றாஸ்பேர்க் என்பாரும் அவர்தம் குழுவினரும் 1995இல் அத்தகைய விதியொன்றை வகுத்தளித்தனர். கொழுப்பையும் நாரிழையத்தையும் முற்றாக அகற்றி, பித்தப்பையின் அடிப்பகுதியை ஈரலிலிருந்து பிரித்து, இரண்டே இரண்டு அமைப்புகள் பித்தப்பையுட் செல்வதைக் கண்ணாரக் கண்ட பின்னரே எதனையும் வெட்டலாம் என்பது அவ்விதி. பலருடைய தோல்விகளை ஒன்றுகூட்டி நோக்கியதன் பயனாகப் பிறந்தது அது.

இவற்றையெல்லாம் நான் நூல்களிற் படித்தது பிற்காலத்தில். இவற்றின் பொருளை முதலில் உணர்ந்தது உள்ளகப் பயிற்சி வைத்தியனாக இருந்த காலத்தில், ‘மோட்டாலிற்றி மீற்றிங்’ என எல்லோரும் அழைக்கும் ஒரு மாதாந்தக் கூட்டத்தில். பித்தப்பை அகற்றப்பட்ட நாற்பது வயது மதிக்கத்தக்க தாயொருவர் இரண்டாம் நாள் வீட்டுக்கு அனுப்பப்பட்டு, ஐந்தாம் நாள் வீங்கிய வயிற்றோடும் மஞ்சட் கண்களோடும் திரும்பிவந்திருந்தார். பித்தநாளம் காயப்பட்டிருந்தது. கொழும்புக்கு அனுப்பப்பட்டு மீளச் சத்திரசிகிச்சை செய்யப்பட்டு அவர் உயிர் தப்பினார்.

கூட்டத்தில் அச்சம்பவத்தை எடுத்துரைக்கும் பொறுப்பு வழக்கமாக எங்களைப் போன்ற இளையோருக்கே விடப்படும். அன்றோ அதனைச் செய்த நிபுணரே எழுந்து நின்றார். “இது என்ரை கேஸ். நானே சொல்லுறன்” என்று தொடங்கி, எந்த இடத்தில் எதை எதுவென்று எண்ணினார் என்பதைக் கரும்பலகையில் வரைந்து காட்டினார். நோயாளியின் பருமன், அழற்சி, கருவியின் பழைமை ஆகிய எதன் பின்னாலும் அவர் ஒளிந்துகொள்ளவில்லை. பின்னர், வீட்டுக்கு அனுப்பிய நாளில் ஏதும் அறிகுறி இருந்ததா என்று அவையைக் கேட்டார். வைத்தியர்களின் குறிப்பில் ‘குறையொன்றுமில்லை’ என்றே ஆங்கிலத்தில் எழுதப்பட்டிருந்தது.

பின்வரிசையில் இருந்த இளந் தாதியொருவர் தயங்கி எழுந்தார். “அண்டைக்கு விடியவே அந்த அம்மா வயிறு ஊதினமாதிரிக் கிடக்கு பிள்ளை எண்டு சொன்னவ, சேர். நான் ரிப்போட் புத்தகத்திலை எழுதினனான்.”

“எனக்கு ஏன் சொல்லேல்லை, மிஸ்ஸி?”

“சொன்னனான், சேர். நீங்கள் தியேட்டருக்கு அவசரமாப் போய்க்கொண்டிருந்தீங்கள்.”

மின்விசிறியின் ஒலியைத் தவிர அவையில் வேறு ஒலி இல்லை. சிறிதுநேரம் கழித்து அவர் என் பக்கம் திரும்பி, “அவ சொல்லுறது சரி. அப்பிடியே எழுதும்” என்றார். கூட்டக் குறிப்பேட்டில் நான் அதனை எழுதினேன். மறுமாதத்திலிருந்து எவரையும் வீட்டுக்கு அனுப்புமுன் விடுதித் தாதியின் அறிக்கையை வாசித்துக் கையொப்பமிடல் வேண்டும் என்ற நடைமுறை அவ்விடுதியில் ஏற்பட்டது. நான் அங்கிருந்த காலம் முழுவதும் அது கைக்கொள்ளப்பட்டது.

இதன் தொடர்ச்சியே என்னை அதிகம் சிந்திக்க வைத்தது. சில வாரங்களின் பின் அத்தாய் கிளினிக்குக்கு வந்தபோது, நிபுணர் அவரை அமரவைத்து, தாமும் கதிரையை அருகே இழுத்துக்கொண்டு, “அம்மா, உங்கடை பித்தக் குழாய் காயப்பட்டது என்ரை கையாலை. அதைப் பற்றி எங்கடை கூட்டத்திலை கதைச்சம். உங்களுக்குச் சொல்லாமல் விடுறது சரியில்லை” என்றார். அத்தாய் நெடுநேரம் பேசவில்லை. பின்னர், “நான் பத்தியம் பிழைச்சுப் போனன் எண்டெல்லோ இவ்வளவு நாளும் என்னை நானே ஏசிக்கொண்டு கிடந்தனான், ஐயா” என்றார்.

அவர் கோபிக்கவில்லை, மன்னித்துவிட்டதாகச் சொல்லவுமில்லை. செய்யாத பிழையொன்றின் சுமையை அன்றுவரை அவர் தாங்கியிருந்தார். அது அன்று இறங்கியது. வைத்தியர்களின் மௌனம் வெற்றிடமாக இருப்பதில்லை என்பதை அன்று உணர்ந்தேன். அவ்விடத்தை நோயாளியின் தற்குற்றச்சாட்டு வந்து நிரப்பிக்கொள்கிறது. ஆதலின், கூடிப் பேசுதலின் பயன் மூடிய அறைக்குள் முற்றுப்பெறுவதில்லை. அது நோயாளியின் கதிரைவரை சென்றடைதல் வேண்டும்.

எல்லாக் கூட்டங்களும் இவ்வாறு அமைவதில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். பின்னாளில் வேறோர் இடத்தில் நான் கண்ட கூட்டங்களில் இறப்புகளின் எண்ணிக்கை வாசிக்கப்படும். ‘தவிர்க்கமுடியாதவை’ என்ற சொல்லோடு தேநீர் வந்துவிடும். சிலவேளை குற்றம் காணப்படும். ஆனால் அது அறையிலிருந்தோருள் மிக இளையவர்மீதே எப்போதும் சென்று விழும். முதல்வகைக் கூட்டம் எவருக்கும் எதையும் கற்பிக்காது. இரண்டாம் வகை ஒரு பாடத்தைக் கற்பிக்கும்: அடுத்தமுறை மறைத்துவிடு என்பது அப்பாடம். மூத்தவர் முதலில் தம் பிழையைச் சொல்லாத அவையில் இளையவர் உண்மை பேசுவார் என எதிர்பார்த்தல் பேதைமை.

இவ்விடத்தில் மொழியைப் பற்றியும் சிறிது குறிப்பிடுதல் பொருந்தும். கொட்மன் பிறந்த அதே மசாசுசெற்ஸ் மாநிலத்திலிருந்து 1847இல் யாழ்ப்பாணம் வந்த சாமுவேல் பிஸ்க் கிறீன், மானிப்பாயில் மருத்துவம் கற்பித்தார். 1860களில் அவர் கற்பித்தலைத் தமிழுக்கு மாற்றினார். சத்திரசிகிச்சை பற்றிய ‘இரண வைத்தியம்’ உள்ளிட்ட நூல்கள் அம்முயற்சியின் பயனாகத் தமிழில் வெளிவந்தன. கொழும்பு மருத்துவக் கல்லூரி 1870இல் தொடங்கப்படுமுன்னரே நிகழ்ந்த தொடக்கம் அது. கிறீனின் வழி தொடரவில்லை. இன்று இந்நாட்டின் சத்திரசிகிச்சை நிபுணர்கள் கூடும் அவைகள் ஆங்கிலத்திலேயே நடைபெறுகின்றன. தமிழரும் சிங்களவரும் ஒருங்கே அமர்ந்து பேசவும், உலகின் ஏனைய பகுதிகளோடு தொடர்புகொள்ளவும் அது துணைசெய்கிறது. அதனைக் குறைகூறுவது என் நோக்கமன்று. ஆயினும் நோயாளி தம் நோயைத் தமிழிலோ சிங்களத்திலோதான் சொல்கிறார். ‘வயிறு ஊதினமாதிரிக் கிடக்கு’ என்ற சொற்றொடர் ஆங்கிலக் குறிப்பேட்டை அடையுமுன் ‘குறையொன்றுமில்லை’ ஆகிவிட்டதை மேலே கண்டோம். அவையின் மொழி எதுவாயினும், நோயாளி சொன்ன சொல் சிதையாமல் அவ்வவையை வந்தடைய ஒரு வழி இருத்தல் வேண்டும். அன்று அவ்வழி அத்தாதியின் அறிக்கைப் புத்தகமாக இருந்தது.

கூட்டங்கள் நடக்கும் பெரிய வைத்தியசாலைகளின் நிலை இதுவாயின், தூரத்து ஆதார வைத்தியசாலையில் தனித்திருந்து பணிசெய்யும் நிபுணரின் நிலை யாது? நள்ளிரவில் கத்திக்குத்துக் காயத்தோடு வருபவரை அவர் தனியே எதிர்கொள்கிறார்; ஐயம் கேட்க அடுத்த அறையில் எவருமில்லை. இன்று இத்தனிமையை ஓரளவு போக்கியிருப்பவை கணினியின் வழியும் கைத்தொலைபேசியின் வழியும் இயங்கும் கலந்துரையாடற் குழுக்கள். எக்ஸ்-கதிர்ப் படத்தையோ ஸ்கான் படத்தையோ அனுப்பி, “என்ன செய்யலாம்?” என்று கேட்டாற் சில நிமிடங்களில் நாட்டின் நாலா புறத்திலிருந்தும், கடல்கடந்தும் விடை வருகிறது. பத்து ஆண்டுகளுக்கு முன் கற்றதோடு நின்றுவிட்ட ஒருவர், வேறொருவர் கேட்ட வினாவின் விடையை வாசித்தே தம் அறிவைப் புதுப்பித்துக்கொள்கிறார். காட்சிமயக்கத்துக்கு மருந்து இன்னொருவருடைய கண் என்றோம். அக்கண் இன்று நூறு மைலுக்கு அப்பாலிருந்தும் கிடைக்கிறது. இது சிறிய பேறன்று.

ஆயினும் மூன்று குறைகளை மனங்கொள்ளல் வேண்டும். முதலாவது, நோயாளியின் மறைவு. பெயரும் முகமும் நீக்கப்படாத படமொன்று ஒருமுறை கைமாறினால் அதனைத் திருப்பியழைக்க இயலாது. 2022இல் நிறைவேற்றப்பட்ட தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் உடல்நலம் பற்றிய தகவல்களைத் தனிவகையாக வைத்திருப்பது காரணமின்றியன்று. இரண்டாவது, பொறுப்பு. வயிற்றைத் தொட்டுப் பார்க்காதவர் எளிதில் துணிவு சொல்லிவிடுவார். கத்தியைப் பிடிப்பவர் அவரல்லர். மூன்றாவது குறையே முதன்மையானது எனக் கருதுகிறேன். வினாக்கள் எழுதப்படுகின்றன, விடைகள் குவிகின்றன, அந்நோயாளிக்கு ஈற்றில் என்ன ஆயிற்று என்று திரும்பிவந்து எழுதுபவர் மிகச் சிலர். வெற்றி எனில் ஒரு படம் வரும். தோல்வி எனில் மௌனம். எவர் சொன்ன விடை சரி, எவர் சொன்னது பிழை என்பது எவருக்கும் தெரியாமலே அடுத்த வினா வந்துவிடுகிறது. கொட்மன் நூறாண்டுகளுக்கு முன் சாடிய நிலை இதுவே. கருவி புதியது, மணலுட் புதைந்த தலை பழையது. ‘வினா எழுப்பியவர் முப்பது நாட்களின் பின் விளைவை எழுதல் வேண்டும்’ என்ற ஒரேயொரு விதியை இக்குழுக்கள் ஏற்குமாயின், அவை உலகின் சிறந்த வகுப்பறைகளாகிவிடும்.

பேச்சினால் உயிர் காக்கப்படுமா என ஐயுறுவோர்க்கு ஒரு சான்றைக் கூறலாம். உலக சுகாதார நிறுவனம் வகுத்த சத்திரசிகிச்சைப் பாதுகாப்புப் பட்டியல், 2007 முதல் 2008 வரை புதுடில்லி, லண்டன், மணிலா உள்ளிட்ட எட்டு நகரங்களின் வைத்தியசாலைகளிற் சோதிக்கப்பட்டது. 2009இல் வெளியான முடிவின்படி, இறப்பு வீதம் 1.5இலிருந்து 0.8ஆகவும், பெருஞ் சிக்கல்கள் 11 வீதத்திலிருந்து 7 வீதமாகவும் குறைந்தன. அப்பட்டியலிற் புதிய மருந்தோ விலையுயர்ந்த கருவியோ இல்லை. கத்தி வைக்குமுன் அறையிலுள்ள அனைவரும் தம் பெயரையும் பணியையும் வாய்திறந்து சொல்லல் வேண்டும் என்பது அதிலுள்ள விதிகளுள் ஒன்று. தன் பெயரை ஒருமுறை உரக்கச் சொன்ன தாதி, பின்னர் பிழையொன்றைக் காணும்போது வாய்திறக்கத் தயங்கமாட்டாள் என்ற எளிய மனித இயல்பே அவ்விதியின் அடிப்படை.

பல்கலைக்கழகத்தில் நாம் பேச்சுக்கலையைப் பட்டிமன்ற மேடைகளில் வளர்க்கிறோம்; எதிரணியை வெல்வதற்குக் கற்கிறோம். தம் தோல்வியை ஒழுங்காக எடுத்துரைப்பதற்கும், நம்மிலும் இளையவர் சொல்லும் கசப்பான உண்மையை அவையறிய ஏற்பதற்கும் நமக்குப் பயிற்சியில்லை. சத்திரசிகிச்சைக் கூடத்தில் இப்பயிற்சியின்மைக்கு விலையாவது மனித உடல். ஏனைய துறைகளில் விலை வேறாக இருக்கலாம். விலை இல்லாத துறை எதுவும் இல்லை. மருத்துவ பீடத்து மாணவர்கள் கத்தி பிடிக்கக் கற்பதற்கு ஆண்டுகள் பல செலவிடுகிறார்கள். பின்வரிசையிலிருந்து எழும் குரலுக்குச் செவிசாய்க்கவும் அவர்கள் அதே காலத்திற் கற்பார்களாயின், நாளைய நோயாளிகளுள் ஒருத்தியேனும் செய்யாத பிழைக்காகத் தன்னைத் தானே நொந்துகொண்டிருக்கமாட்டாள்.